நிபுணர் வாக்கும் நிலத்தின் வாக்கும்

யூரியா மூடை ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1990களில் வடபுலத்தின்மீது பொருளாதாரத் தடை விதித்த அரசாங்கத்தின் கண்ணுக்கு அது வெடிமருந்தாகத் தோன்றியது. 2021இல் ஆட்சிபீடத்தில் இருந்தோரின் கண்ணுக்கு அது நஞ்சாகத் தோன்றியது. கமக்காரனுக்கோ அன்றும் இன்றும் அது பயிரின் உணவு. மூடை ஒன்றே; அதிலுள்ள நைதரசன் நூற்றுக்கு 46 பங்கு என்பதும் மாறவில்லை. பார்ப்பவன் நின்ற இடமே மாறியது.

உண்மை ஒன்றே, அதை நிபுணர் உரைத்துவிட்டால் வழக்குத் தீர்ந்தது என்று முழங்குவோர் இதற்கு என்ன விடை பகர்வர்?

2019ஆம் ஆண்டுத் தேர்தலிலே, பத்தாண்டு காலத்தில் நாட்டைச் சேதனப் பசளைக்கு மாற்றுவதாக வாக்களித்தார் கோட்டாபய ராஜபக்ஷ. பத்தாண்டுப் பணியை ஒரு வர்த்தமானி அறிவித்தலால் முடித்துவிட எண்ணி, 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது அவரது அரசாங்கம். நிபுணர் இல்லாமலா இது நடந்தது? இருந்தனர். வட மத்திய மாகாணத்தைப் பீடித்த சிறுநீரக நோயை அவர்கள் சுட்டிக்காட்டினர். அந்நோய் மெய், நோயாளர் படும் துயரும் மெய். ஆயின், அதற்கு இரசாயனப் பசளையே காரணம் என்று விஞ்ஞானம் முடிவுகட்டவில்லை. அந்நியச் செலாவணி வற்றியிருந்த வேளையில் அவர்களின் வாதம் ஆட்சியாளருக்கு இனித்தது. விவசாய விஞ்ஞானிகளின் எச்சரிக்கை கசந்தது. எந்த நிபுணரின் குரல் கேட்கப்படவேண்டும் என்பதைத் திறைசேரியின் வெறுமையே தீர்மானித்தது என்போம்.

100 கிலோ யூரியா தரும் நைதரசன் 46 கிலோ. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நைதரசனுள்ள கூட்டெருவில் அதைப் பெறுவதற்கு 3,000 கிலோவுக்கு மேல் வேண்டும். அதுவும் மெல்ல மெல்லவே பயிருக்குக் கிட்டும். அவ்வளவு எருவுக்கு எங்கே போவது, எதிலே ஏற்றுவது என்று கிளிநொச்சியிலோ பொலன்னறுவையிலோ ஒரு கமக்காரனைக் கேட்டிருந்தால் ஒரு நாழிகையில் உண்மை விளங்கியிருக்கும். கேட்டார் இல்லை. நவம்பரில் தடை நீங்கியது. அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது, விளைச்சலும் வீழ்ந்தது. 2022 ஏப்ரலில் ஜனாதிபதியே தவறை ஒப்புக்கொண்டார்.

கதை இத்துடன் முடிந்தால் நமக்கு வசதிதான். ஆனால், தடை தோற்றதைக் காட்டி, பசளையால் தீங்கே இல்லை என்று வாதிடுவோர் இன்று நம்மிடையே தோன்றியிருக்கின்றனர். இதுவும் அதே பிழையன்றோ? வலிகாமத்தின் செம்பாட்டு மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். வற்றாத ஆறில்லை, கிணறே கதி. வெங்காயத்துக்கும் மரக்கறிக்கும் அளவுமீறிச் சொரியும் பசளை அக்கல்லின் வெடிப்புகளூடாக நாம் குடிக்கும் நீரிலே இறங்குகிறது. மலக்குழிக் கசிவும் அதனுடன் சேருகிறது. அளவுமீறினால் சாணமும் அதையே செய்யும். உலக சுகாதார நிறுவனம் குறித்த எல்லை, லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அங்குள்ள கிணறுகள் பல அவ்வெல்லையைத் தாண்டியுள்ளன. பால்குடிக் குழந்தைக்கு அந்நீர் ஆபத்தானது.

வயலை அளந்தவர் சொன்னதும் மெய். கிணற்றை அளந்தவர் சொன்னதும் மெய். ஒருவர் மெய்யைப் பிடுங்கி மற்றவர் நிலத்திலே நட்டபோதுதான் அது பொய்யாயிற்று.

ஆகவே, கமக்காரப் பெருமக்களே, கற்றறிந்தோரே! நிபுணர் அறிக்கை எதுவாயினும் அதைத் தள்ளவும் வேண்டாம், தலைமேற் கொள்ளவும் வேண்டாம். எந்த மண்ணில் அளந்தீர்? எந்தப் போகத்தில்? எவ்வளவு பசளைக்கு? பிழைத்தால் நட்டம் யாருடையது? இந்நான்கையும் கேளுங்கள். கிணற்று நீரின் பரிசோதனை முடிவுகள் ஊர்தோறும் தமிழில் வெளியிடப்படவேண்டும். பயிரைப் பற்றி முடிவெடுக்கும் சபை எதுவாயினும் அங்கே கமக்காரனுக்கு ஆசனம் வேண்டும். இவை சலுகைகள் அல்ல. பட்டினியையும் நஞ்சையும் முதலில் ஏற்பவனின் உரிமைகள். அவற்றைத் தர மறுக்கும் அரசாங்கம் எந்நிறத்ததாயினும் எதிர்த்து நிற்போம்!