பிள்ளைகளின் புத்தகம், பெரியவர்களின் மேடை

ஒக்டோபர் பிறந்ததும் பாடசாலை மதில்களில் பதாகைகள் ஏறிவிடும். முதலாம் திகதி சிறுவர் தினம். அத்தோடு தேசிய வாசிப்பு மாதமும் தொடங்கிவிடுகிறது. தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை ஒரு தொனிப்பொருளை அறிவிக்கும். வலயத்திலிருந்து கடிதம் வரும். நாங்களும் காலைக் கூட்டத்தில் இரண்டு பேரைப் பேச வைத்து, படம் எடுத்து, வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவோம். மாதம் முடியும்வரை நூலக அலுமாரியின் பூட்டுத் திறக்கப்படாத பாடசாலைகளும் இருக்கின்றன. இதை நான் வெளியில் நின்று சொல்லவில்லை. ஆரம்பப் பிரிவில் நீண்ட காலமாகப் படிப்பிக்கிற நானும் அந்தப் படங்களில் சிரித்துக்கொண்டு நின்றவள்தான்.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு சிறுவர் கதை நூலின் வெளியீட்டு விழாவுக்கு தரம் 4 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். காலை 9 மணி நிகழ்ச்சி, அதிதிகள் வந்து சேர 10.15 ஆனது. கிராஅத், வரவேற்புக் கீதம், தலைமையுரை, வாழ்த்துரை, நூல் ஆய்வுரை, நயவுரை, முதற்பிரதி வழங்கல், சிறப்புப் பிரதிகள் வழங்கல், பொன்னாடை, ஞாபகச் சின்னம் என்று லுஹருடைய பாங்கு சொல்லும்வரை நீண்டது. எண்ணிப் பார்த்தேன், 11 பேர் பேசினார்கள். அந்த 11 பேரில் ஒருவர்கூட புத்தகத்திலிருந்த ஒரு கதையைச் சொல்லவில்லை. புத்தகம் பெரியவர்களின் கைகளில் அழகான உறைகளோடு போய்ச் சேர்ந்தது. பிள்ளைகளுக்கு ஒரு பட்டிஸும் ஒரு பைக்கற் குளிர்பானமும் கிடைத்தன. திரும்பி வரும்போது ஒரு பிள்ளை கேட்டாள்: "டீச்சர், அந்தப் புத்தகத்துக்குள்ள என்ன கத இருக்கு?"

எனக்கும் தெரியாது என்பதுதான் உண்மை. மறுநாள் எழுத்தாளரிடம் காசு கொடுத்து ஒரு பிரதி வாங்கி வகுப்பில் வாசித்தேன். நல்ல கதைகள். ஆமை ஒன்று குளத்தை விட்டு வெளியேறி ஊர் பார்க்கப் போகும் கதையை மூன்று தடவை திரும்பக் கேட்டார்கள். இதை அந்த மண்டபத்தில் ஐந்து நிமிடம் வாசித்திருந்தால் போதுமே என்று நினைத்தேன்.

விழாக்கள் இப்படி ஆனதற்கு எழுத்தாளரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. எமது பிரதேசங்களில் சிறுவர் நூல் எழுதுபவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியர் அல்லது ஓய்வுபெற்ற அதிபர். சொந்தச் சேமிப்பில், சிலர் மனைவியின் நகையை அடகு வைத்து, 300 அல்லது 500 பிரதிகள் அச்சிடுகிறார்கள். நூலை ஊர் ஊராகக் கொண்டு சென்று விற்கும் விநியோகஸ்தர் கிடையாது. டவுனிலுள்ள புத்தகக் கடையில் புலமைப்பரிசில் வினாத்தாள் தொகுதிதான் முன்வரிசையில் இருக்கும். ஆகவே வெளியீட்டு விழா ஒன்றுதான் அவருடைய சந்தை. முதற்பிரதி பெறும் புரவலர் கொடுக்கும் கவரும், அரசியல்வாதி கொடுக்கும் கவரும்தான் அச்சகக் கடனை அடைக்கின்றன. கவர் கொடுப்பவருக்கு மேடையும் ஒலிவாங்கியும் கொடுக்காமல் இருக்க முடியுமா?

2022 இல் நிலைமை இன்னும் மோசமானது. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டதும், பத்திரிகைகள் சில சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தியதும் நினைவிருக்கும். ரூபாவின் பெறுமதி சரிந்ததால் சென்னையிலிருந்து வரும் படப் புத்தகங்களின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போனது. 2024 தொடக்கத்தில் புத்தகங்களுக்கும் 18 சதவீத வற் வரி வந்து சேர்ந்தது. நான்கு வர்ணத்தில் 24 பக்கம் அச்சிட்ட ஒரு சிறுவர் நூலை நாட்கூலி உழைக்கும் வாப்பா ஒருவர் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்தக் காசுக்கு வீட்டில் இரண்டு நாள் கறி ஆக்கலாம்.

இந்த ஏற்பாட்டின் கெடுதி புத்தகத்துக்குள்ளேயும் புகுந்துவிடுகிறது. வாங்குபவர் பெரியவர் என்பதால் நூலும் பெரியவரைப் பார்த்தே பேசுகிறது. 40 பக்க நூலில் 10 பக்கம் அணிந்துரையும் ஆசியுரையும் இருந்ததைக் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு புத்திமதி தொங்கும். பொய் சொன்ன நரிக்குத் தண்டனை, உம்மாவின் சொல் கேட்ட குருவிக்குப் பரிசு. பிள்ளை சிரிப்பதற்கோ பயப்படுவதற்கோ, ஏன் என்று கேட்பதற்கோ இடமில்லை. எமது பிள்ளைகளுக்கு உபதேசம் செய்ய வீட்டில், பாடசாலையில், குர்ஆன் மத்ரஸாவில் போதுமான ஆட்கள் இருக்கிறார்கள். கதையும் அதே வேலையைச் செய்தால் பிள்ளை கதையிடமிருந்தும் தப்பி ஓடும். ஓடுவதற்கு இப்போது கையில் ஒரு போனும் இருக்கிறது.

இன்னொரு இடைவெளியும் உண்டு. எங்கள் பிள்ளை வீட்டில் உம்மா, வாப்பா, ராத்தா என்கிறது. நோன்புக் கஞ்சிக்கு வாளியோடு பள்ளிவாசலுக்குப் போகிறது. பெருநாள் காசு எண்ணுகிறது. இந்தப் பிள்ளையைக் கதைப் புத்தகத்துக்குள் காண்பது அரிது. இந்தியாவிலிருந்து வரும் நூல்களில் வேறு ஊர், வேறு சொற்கள். எமது பெயரில் வருபவை பெரும்பாலும் நபிமார் வரலாறு. அது வேண்டியதுதான், ஆனால் அது ஒரு பாடம்; அதை விளையாட்டாகப் புரட்ட எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. தமிழ் வாசிக்கும் முஸ்லிம் பிள்ளை குறைந்துகொண்டு வரும் காலம் இது. கொழும்பு, கண்டி, தென்மாகாணப் பகுதிகளில் சிங்கள மொழிமூலத்துக்கும் சர்வதேசப் பாடசாலைகளுக்கும் போகும் பிள்ளைகள், வீட்டில் தமிழ் பேசினாலும் தமிழ் எழுத்தைக் கூட்டி வாசிக்கவே தடுமாறுகிறார்கள். அவர்களைத் தமிழோடு கட்டி வைத்திருக்க பாடப் புத்தகத்தால் முடியாது. ஆசைப்பட்டு வாசிக்கும் ஒரு கதையால் முடியும்.

இங்கே ஒரு நல்ல உதாரணம் எமது நாட்டிலேயே இருக்கிறது. சிங்களச் சிறுவர் இலக்கியத்தின் தாய் போன்றவர் சிபில் வெத்தசிங்க. அவருடைய குடைத் திருடன் கதை பல மொழிகளில் உலகம் சுற்றியது. 2020 இல் 92 வயதில் மரணித்த அவருடைய 'வொண்டர் கிறிஸ்டல்' என்ற கதை கின்னஸ் சாதனைப் பட்டியலில் ஏறியது. காரணம் என்ன தெரியுமா? கதையை அவர் முடிக்காமல் விட்டு, முடிவை எழுதுமாறு பிள்ளைகளிடம் கொடுத்தார். அவர்களிடமிருந்து வந்த 1,250 வெவ்வேறு முடிவுகளோடு அது சாதனையானது. தொண்ணூறைத் தாண்டிய ஒரு மூதாட்டி, கடைசிப் பக்கத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறுவர் நூலைக் கொண்டாடுவது என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. இதற்கு மண்டபமோ பொன்னாடையோ தேவைப்படவில்லை.

எமது தமிழ் மரபிலும் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. கல்வி அதிகாரியாக இருந்த க.ச. அருணந்தியின் முயற்சியால், பிள்ளைகள் பாடுவதற்கென்றே கவிஞர்களிடமிருந்து பாடல்கள் சேகரிக்கப்பட்டு 1935 இல் 'பிள்ளைப் பாட்டு' என்ற தொகுப்பு வந்தது. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் 'கத்தரி வெருளி' போன்ற பாடல்களை இன்றும் பிள்ளைகள் பாடுகிறார்கள். அதாவது கல்வித் திணைக்களத்தைச் சேர்ந்த ஒருவர் புலவர்களைப் பார்த்து, எங்கள் பிள்ளைக்கு என்ன எழுதித் தருவீர்கள் என்று கேட்டிருக்கிறார். இன்று நாங்கள் தமிழ்த் தினப் போட்டியில் கேட்பது வேறு. பேச்சை ஆசிரியர் எழுதுகிறார், பிள்ளை மனனம் செய்கிறது, பாடசாலை வெல்கிறது. கோட்டம், வலயம், மாகாணம் என்று மேலே போகப் போக அதே பேச்சில் கைகளை அசைக்கும் பயிற்சிதான் கூடுகிறது. அந்தப் பிள்ளை ஒரு புத்தகமாவது விரும்பி வாசித்ததா என்று எந்த நடுவரும் கேட்பதில்லை. போட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேடைப் பயம் தெளிந்த பிள்ளைகளை அது தந்திருக்கிறது. ஆனால் 400 பிள்ளைகள் உள்ள பாடசாலையில் 15 பேர் பங்குபற்றும் ஒன்றை இலக்கிய விழா என்று சொல்லிக்கொண்டு மீதிப் பேரை மறந்துவிடுகிறோம்.

முஸ்லிம் பாடசாலைகளில் இதைவிடக் கஷ்டமான ஒரு விடயம் இருக்கிறது. அதைப் பேசாமல் விடுவது நேர்மையல்ல. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பிறகு எமது வீடுகளில் புத்தகங்களுக்கு என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அரபு எழுத்து இருந்த ஒரே காரணத்துக்காகக் கிணற்றில் போட்டவர்கள், புதைத்தவர்கள், எரித்தவர்கள் உண்டு. அடுத்த வருடம் மே மாதம் அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். அவருடைய தமிழ்க் கவிதைத் தொகுதியான 'நவரசம்' தீவிரவாதம் பேசுவதாகக் குற்றம் சாட்டப்பட்டது. 2021 டிசெம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசெம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தமிழ் தெரிந்தவர்கள் வாசித்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்க வேண்டிய விவகாரம். நீதிமன்றம் விடுவித்தாலும் ஆசிரியர் ஓய்வறையில் பயம் போகவில்லை. நூலகத்துக்குப் புதிய நூல் வந்தால், "இதுல பிரச்சின ஒண்டும் வராதே?" என்று கேட்டுவிட்டு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறோம். பிள்ளை ஆமைக் கதை வாசிக்க முடியாமல் இருப்பதற்கு இந்தப் பூட்டும் ஒரு காரணம்.

பகிரங்கமாக, ஊர் பார்க்க, புத்தகத்தை வெளியே எடுப்பதுதான் இந்தப் பயத்துக்கு மருந்து என்று நான் நினைக்கிறேன். பக்கத்துச் சிங்களப் பாடசாலையின் பிள்ளைகளையும் கூப்பிடலாம். சிபில் வெத்தசிங்கவின் கதையை அவர்கள் சிங்களத்தில் சொல்லட்டும், எங்கள் பிள்ளைகள் ஒரு தமிழ்க் கதையைச் சொல்லட்டும். மொழி விளங்காத இடத்தில் படம் பேசும். எமது புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று அயலவர் நேரில் பார்த்துவிட்டால் அறிக்கை எழுதுபவர்களுக்கு வேலை குறையும்.

சமூகத்தில் ஆளும் வளமும் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். கிராஅத் போட்டிக்கும் ஹிப்ழு பட்டமளிப்புக்கும் ஊரே திரளுகிறது. மீலாத் போட்டிகளுக்குப் பரிசுகள் குவிகின்றன. பள்ளிவாசல் நிர்வாக சபை, பழைய மாணவர் சங்கம், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் நலன்புரி அமைப்புகள் எல்லாம் இருக்கின்றன. ஒரு விழாவின் ஞாபகச் சின்னங்களுக்குச் செலவாகும் காசில் ஓர் எழுத்தாளரின் நூலில் 50 பிரதிகளை நேராக வாங்கலாம். அவருக்கு அச்சகக் கடனும் குறையும், கவருக்காக யாரையும் மேடையேற்ற வேண்டிய தேவையும் இருக்காது. பாடசாலைக்கு வந்து வாசித்துக் காட்டுவது மட்டுமே நிபந்தனை. வெலிகம ரிம்ஸா முஹம்மத், தியத்தலாவ எச்.எப். ரிஸ்னா போல சிறுவர்களுக்கு எழுதுகிற சகோதரிகள் எம்மிடையே இருக்கிறார்கள். அழைத்தால் வராமல் இருக்கப் போவதில்லை. காசே இல்லாவிட்டாலும் பழைய ஈழத்துச் சஞ்சிகைகளையும் நூல்களையும் நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

மேடையில் பேசும் எல்லோரும் முதல் வஹி வாசிப்பைப் பற்றியது என்று தவறாமல் ஞாபகப்படுத்துகிறார்கள். நானும் பேசியிருக்கிறேன். அதை ஆயிரமாவது தடவை கேட்கும் பிள்ளைக்கு வாசிக்க ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னால் என்ன?

எங்கள் வகுப்பில் இந்த ஒக்டோபருக்கு ஒரு சிறு ஏற்பாடு வைத்திருக்கிறோம். சித்திலெப்பையின் பெயர் தெரியாத முஸ்லிம் பாடசாலை இல்லை. ஆனால் 1885 இல் அவர் எழுதிய 'அஸன்பே சரித்திரம்' இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று புலமைப்பரிசில் விடையாக மட்டுமே பிள்ளைகள் அறிந்திருக்கிறார்கள். உண்மையில் அது ஒரு சாகசக் கதை. எகிப்தில் பிறந்து, குழந்தையிலேயே கடத்தப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, ஆபத்துகளைக் கடந்து போகும் ஒரு பையனின் கதை. அந்தக் காலத்துத் தமிழ் தரம் 4 க்கு விளங்காது. ஆகவே வியாழக்கிழமை தோறும் கடைசிப் பாடவேளையில் எங்கள் பேச்சுத் தமிழில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறேன். போன வாரம் அஸன் கடத்தப்பட்ட இடத்தில் மணி அடித்துவிட்டது. ஒருவரும் புத்தகப் பையைத் தூக்கவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். 31 பேரில் 27 பேர் எழுதி வந்தார்கள். ஒருவன் அஸனைக் கப்பலிலிருந்து குதிக்க வைத்து, ஒலுவில் கடற்கரையில் கரை ஒதுக்கியிருக்கிறான். மீன்பிடிக்கப் போன அவனுடைய வாப்பாதான் காப்பாற்றுகிறார்.

மாதக் கடைசியில் அந்த 27 தாள்களையும் தைத்து ஒரு புத்தகமாக்கி, வகுப்பறையிலேயே வெளியிடப் போகிறோம். பிரதம அதிதி யார் என்று அதிபர் கேட்டார். முதற்பிரதியை ஒலுவில் கதை எழுதியவனின் வாப்பாவுக்குக் கொடுக்கலாம் என்று பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குக் கடலுக்குப் போகாமல் இருக்க முடியுமா என்று கேட்டுச் சொல்வதாக அவர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.