ரயில் ஏறுவதற்கு முன்

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி வீடு ஒன்றின் மாடி. சுவரில் வெளிர்நீலப் போர்வையை ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். எதிரே ஒரு ஸ்டூல், அதன்மேல் கோதுமை மாவு டப்பா, டப்பாவில் சாய்த்து வைத்த செல்போன். அண்ணன் முகத்தில் நிழல் விழாமல் இருக்க, தங்கை வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவன் பேர், வயசு, உயரம் சொல்லி, இடமும் வலமும் திரும்பிக் காட்டிவிட்டு, சென்னையிலிருந்து அனுப்பியிருந்த அரைப்பக்க வசனத்தைப் பேசுகிறான். பாதியில் கீழே யாரோ ஹாரன் அடிக்கிறார்கள். மறுபடி பேர், வயசு, உயரம். பன்னிரண்டாவது தடவை சரியாக வந்தது. வாட்ஸ்அப்பில் போனது. நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

மூன்று வாரம் கழித்து வேறொரு எண்ணிலிருந்து பதில் வந்தது. செலக்ட் ஆகிவிட்டதாம், போர்ட்ஃபோலியோவுக்கும் கார்டுக்கும் பதினைந்தாயிரம் கட்ட வேண்டுமாம். அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. பணம் போய்ச் சேர்ந்த மறுநாள் அந்த எண் அணைந்துவிட்டது. எனக்குத் தெரிந்த குடும்பம் இது. பையனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அக்கம்பக்கம் சொன்னதைக் கேட்டேன்: "இவனுக்கெல்லாம் எதுக்கு சினிமா ஆசை?"

அந்தக் கேள்வியைத் திருச்சி கேட்கக் கூடாது. சினிமா இந்த ஊருக்கு வெளியூர்ச் சரக்கு இல்லை. 1905-ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கியவர், இங்கே தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட். வேலையை உதறிவிட்டு, கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினார். தென்னாட்டில் டூரிங் சினிமாவின் கதை நம்மூர் ரயில்வே ஊழியர் ஒருவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

இன்னொரு ரயில்வேக்காரர் எஃப்.ஜி. நடேச ஐயர். அதிகாரியாக இருந்துகொண்டே 1914-ல் ரசிக ரஞ்சன சபாவை ஆரம்பித்தார். பாட்டுப் பைத்தியத்தில் வீட்டை விட்டு ஓடி, அப்பாவால் திரும்ப அழைத்துவரப்பட்ட ஒரு பொற்கொல்லர் வீட்டுப் பையன் அவர் கண்ணில் பட்டான். அவர் அந்தப் பையனின் அப்பாவிடம் போய் அனுமதி கேட்டார். அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேடம் கொடுத்தார். நடிப்பைத் தானே சொல்லிக்கொடுத்தார். அந்தப் பையன்தான் எம்.கே. தியாகராஜ பாகவதர். 1934-ல் 'பவளக்கொடி' படம் வந்தபோது, அதே கதையை மேடையில் நடித்து அவர் ஏற்கெனவே பெயர் வாங்கியிருந்தார்.

சங்கிலியாண்டபுரத்துச் சிவாஜி கணேசன் ஏழு வயது வாக்கில் நாடகக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தார். தான் அநாதை என்று பொய் சொல்லித்தான் சேர்ந்தார். பெண் வேடம், சின்ன வேடம் என்று எத்தனையோ மேடைகளுக்குப் பிறகு 1952-ல் 'பராசக்தி'. பாகவதருக்கும் சிவாஜிக்கும் முதல் படம் வந்தபோது வயது 24. இருவருக்குமே அதற்கு முன் பத்து ஆண்டுகளுக்கும் மேலான மேடை இருந்தது. நம் பேச்சிலெல்லாம் 24-வது வயது மட்டும் நிற்கிறது. அதற்கு முந்தைய பத்தாண்டு காணாமல் போய்விடுகிறது.

சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டிய பிள்ளைகள் அடி வாங்கி, அரை வயிற்றோடு வசனம் மனப்பாடம் செய்த காலம் அது. அது திரும்ப வரவே கூடாது. ஆனால் அன்றைக்குச் சென்னைக்குப் போகும் முன்பே நடிகன் பாதி உருவாகியிருந்தான். அவனை உருவாக்கியதில் ஒரு ரயில்வே அதிகாரிக்கு, ஒரு சபாவுக்கு, நாடகம் பார்க்கச் சீட்டு வாங்கிய கடைக்காரருக்குப் பங்கு இருந்தது. இன்றைக்கு அவ்வளவு பாரத்தையும் ஒரு மாவு டப்பாவும் ஒரு தங்கையும் சுமக்கிறார்கள்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு நடிப்பு என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்கழியில் பகல்பத்து நாட்களில் அரையர் சேவை பார்த்தவர்களுக்குத் தெரியும். தலையில் உயர்ந்த குல்லாய், கையில் தாளம். மேடை அலங்காரம் கிடையாது, விளக்கு வித்தை கிடையாது. பாசுரத்தைப் பாடி, அதே வரியைக் கையாலும் முகத்தாலும் சொல்லும்போது எதிரே ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இரணிய வதம் சேவிக்கிற அன்று குழந்தைகள் தூணைக் கொஞ்சம் பயத்தோடுதான் பார்க்கும். தலைமுறை தலைமுறையாகத் தந்தையிடமிருந்து மகன் கற்றுக்கொண்டது அது. கற்றுக்கொள்ள வருஷங்கள் ஆகும், ஒருவர் பக்கத்தில் இருந்து திருத்தவேண்டும் என்ற அறிவு இந்த வீதிகளில் ஏற்கெனவே இருக்கிறது.

கவிஞர் வாலியையும் நினைத்துக்கொள்கிறேன். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார், திருச்சி வானொலிக்கு நாடகம் எழுதினார். முருகன் பாட்டு ஒன்றை அஞ்சலட்டையில் எழுதி டி.எம். சௌந்தரராஜனுக்கு அனுப்பினார், அவர் அதற்கு மெட்டமைத்துப் பாடினார். அஞ்சலட்டை இன்று வீடியோவாகிவிட்டது. ஆனால் அஞ்சலட்டை எழுதுவதற்கு முன் அவருக்கு எழுதிப் பழகப் பத்திரிகையும் வானொலியும் ஊரிலேயே இருந்தன. 1939 முதல் ஒலிபரப்பிவரும் வானொலி நிலையம் அது. வானொலி நாடகத்தில் குரலை மட்டும் வைத்து நடிக்கக் கற்றவர் டப்பிங் தியேட்டரில் திணறமாட்டார்.

அண்மைக்கால உதாரணமும் உண்டு. திருச்சியில் பள்ளியும் பொறியியல் கல்லூரியும் படித்த சிவகார்த்திகேயன், கல்லூரி மேடையில் மிமிக்ரி செய்து, தொலைக்காட்சிப் போட்டிக்குப் போய், 2012-ல் 'மெரினா'வுக்கு வந்தார். மணப்பாறைப் பக்கத்துப் பண்ணாங்கொம்பைச் சேர்ந்த விமல், ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறையில் பயின்ற பிறகு கதாநாயகன் ஆனார். ஒருவருக்குக் கல்லூரி மேடை, இன்னொருவருக்கு நாடகப் பட்டறை. கூத்துப்பட்டறை 1977-லிருந்து சென்னையில் இருக்கிறது. அப்படி ஒன்று காவிரிக் கரையில் ஏன் இல்லை என்று நாம் கேட்டதே இல்லை.

இதில் யார் என்ன செய்யலாம்? முதலில் மாநகராட்சி. அதன் வசம் உள்ள மண்டபங்களில் ஒன்றை, வாரத்தில் ஒரு மாலை, பெயரளவு வாடகைக்கு நாடக ஒத்திகைக்கென்று ஒதுக்கவேண்டும். பாகவதர் காலத்து நாடகப் பெருமை பேசும் தேவர் ஹால் இருக்கிற ஊரில் இது பெரிய கோரிக்கை இல்லை. கல்லூரிகள் ஆண்டு விழாவுக்கு மட்டும் திறக்கும் அரங்கத்தை, அங்கே படிக்காத பிள்ளைக்கும் மாதம் ஒரு நாள் திறக்கலாம். அவன் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவனாக இருக்கலாம். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவனாக இருக்கலாம். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் ஒரு துறையாகவே இருந்து வந்திருக்கிறது. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அங்கே பயின்றவர்களை இங்கே பயிற்சி கொடுக்க அழைத்தால் வருவார்கள், பஸ் செலவும் மரியாதையான ஒரு தொகையும் கொடுத்தால். அந்தத் தொகையைச் சின்னக்கடைத் தெரு, பெரியகடைத் தெரு வியாபாரிகள் சங்கங்கள் ஏற்றுக்கொள்ளலாம்.

சினிமா கம்பெனிகளின் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆடிஷன் என்று அறிவித்தால் கம்பெனி பேர், அலுவலக விலாசம், என்ன வேடம், சம்பளம் உண்டா இல்லையா என்பது எழுத்தில் இருக்கவேண்டும். நடிக்க வருகிறவனிடம் ஆடிஷனுக்கென்று பணம் வாங்கக் கூடாது. இதை நடிகர் சங்கமும் தயாரிப்பாளர்களும் ஒன்றாகச் சேர்ந்து ஊருக்கு ஊர் உரக்கச் சொல்லவேண்டும். வேலை கொடுப்பவன் கூலி கொடுப்பான், கூலி கேட்கமாட்டான். ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு உடனே போன் செய்யவேண்டும். தாமதமானால் பணம் கைமாறிப் போய்விடும்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. எந்த ஆடிஷனும் லாட்ஜ் அறையில் நடக்கக் கூடாது. கூட ஒருவர் வந்தால் வெளியே உட்கார வைக்கக் கூடாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டந்தோறும் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கவேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான சின்ன யூனிட் என்றாலும் அங்கே புகார் கொடுக்கலாம். இதை நம் பெண்களில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? குழந்தைகளை விளம்பரத்துக்கும் சீரியலுக்கும் அனுப்பும் பெற்றோருக்கும் ஒன்று: நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பேரில் வங்கியில் போடவேண்டும். சட்ட விதியே அப்படித்தான்.

பெற்றோர் "நடிப்பு சோறு போடுமா?" என்று கேட்பது நியாயம். பெரும்பாலானவர்களுக்கு அது முழுச் சோறு போடாது. அதனால்தான் கைத்தொழிலையோ படிப்பையோ விடாமல் ஊரில் இருந்தபடியே பழக இடம் வேண்டும் என்கிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே மூன்று வருஷம் மேடையேறியவனுக்குத் தனக்கு இது வருமா வராதா என்று தெரிந்துவிடும். வரவில்லை என்றால், வடபழனியில் ஆறு பேர் படுக்கும் அறையில் பத்து வருஷம் கழித்துத் தெரிந்துகொள்வதைவிட, இங்கே தெரிந்துகொள்வது நல்லது. வரும் என்றால், சங்கிலியாண்டபுரத்துப் பிள்ளையைப் போலப் பொய் சொல்லிவிட்டு ஓடவேண்டியதில்லை. அப்பாவே ஸ்டேஷன் வரை வந்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடலாம்.

சித்திரை வீதிப் பையன் இன்னும் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறான். போன வாரம் அவனும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து ஒரு நாடகம் போடலாம் என்று பேசியிருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது சாயங்காலம் ஆறு முதல் எட்டு வரை ஒரு கூடம், ஒரு மின்விசிறி, எதிரே உட்கார்ந்து தப்பைத் தப்பு என்று சொல்ல ஒரு பெரியவர். கூடம் வைத்திருப்பவர்கள் சொல்லி அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடுவார்கள்.