பால்குடி மறக்கும் பருவம்

சென்ற மாதம் நம் வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவனைக் காரணம் கேட்டோம். "குட்டி ராப்பகலாக் கத்துது, ஸார்! அப்பத்தா என்னைக் காவல் வெச்சுட்டாங்க" என்றான். விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. ஐம்பதே நாளான கிடாய்க் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துவிட்டார்களாம். தாய் ஆடு சீக்கிரம் மறுபடி சினைப்பட வேண்டுமென்று தகப்பனாருக்கு ஆசை. குட்டி இளைக்கிறதே என்று பாட்டிக்கு ஆத்திரம். யார் கட்சி நியாயம் என்று தீர்ப்புக் கூறும் பொறுப்பைப் பையன் நம் தலையில் வைத்தான். வாத்தியாருக்குத் தெரியாத சங்கதியும் உலகில் உண்டென்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை!

நாம் வசிப்பது சேலம் ஜில்லாவில், மேச்சேரி ஆட்டுக்குப் பெயர் கொடுத்த சீமையில். கம்பளி இல்லாத, செம்பழுப்பு நிறச் செம்மறி அது. பிறக்கும்போது குட்டியின் எடை 2 முதல் 2½ கிலோ; மூன்று மாதத்தில் 8, 9 கிலோவை எட்டும். நம் நாட்டுப் பண்ணைகளில் 90 நாளில் பால் மறக்கச் செய்வதே பெரும்பாலும் வழக்கம். ஆனால் இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதை அறிய, குட்டியின் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

ஆட்டின் இரைப்பைக்கு நான்கு அறைகள். பிறந்த குட்டிக்கு நான்காவது அறைதான் பெரிது. குடிக்கும் பால், வாய்க்கால் போன்றதொரு மடிப்பின் வழியே முதல் அறையைத் தொடாமலே உள்ளே போய்விடுகிறது. புல்லையும் தழையையும் நுண்ணுயிர்களின் உதவியால் புளிக்க வைக்கும் பானை அந்த முதல் அறை. அப்போது அது சின்னஞ்சிறு பைதான். இரண்டு மூன்று வாரத்தில் குட்டி தாயைப் பார்த்துத் தழையைக் கடிக்கப் பழகுகிறது. அந்தத் தீனி புளிக்கும்போது உண்டாகும் அமிலங்களே பையின் உட்சுவரை வளர்க்கின்றன. தின்னத் தின்னத்தான் தின்கிற வயிறு உண்டாகும். பாலை மட்டும் குடித்துக்கொண்டு நாளை எண்ணினால் உண்டாகாது. ஆகவே நன்றாகத் தீனி பழகிய குட்டியை எட்டு வாரத்திலும் பிரிக்கலாம். பழகாததற்கு 90 நாளும் சங்கடமே.

அதற்காக நெடுநாள் ஊட்டவிடுவதும் லாபமன்று. தாயின் பால் மூன்று நான்கு வாரத்தில் உச்சத்தை எட்டிப் பிறகு குறைந்துவிடும். குட்டி ஒரு கிலோ ஏறச் சுமார் 5 லிட்டர் பால் வேண்டும். மூன்றாம் மாதத்துக்கு மேல் வற்றிய மடியை முட்டுவதால் குட்டிக்குக் கிடைப்பது சொற்பம். தாய்க்கோ உடம்பு தேறுவதில்லை. இரட்டைக் குட்டி ஈன்ற ஆட்டின் பாடு சொல்லவே வேண்டாம்.

அன்று மாலையே பையன் வீட்டுக்குப் போனோம். தாய் மேயச் செல்லும் பகலெல்லாம் குட்டி கொடாப்புக்குள்ளேயே அடைபட்டிருந்ததாம். "முன்னெல்லாம் உள்ளே அகத்திக் கொத்துக் கட்டித் தொங்கவிடுவோம், வாத்தியாரய்யா. இப்ப யாருக்கு நேரம்?" என்றார் பாட்டி. வழக்கின் முடிச்சு அங்கேயே அவிழ்ந்துவிட்டது. பால் போய்விட்டது, அதன் இடத்தில் வைக்க எதுவும் பழக்கப்படவில்லை.

தாயின் மடி இன்னும் வற்றவில்லை. காலையும் மாலையும் குட்டியை ஊட்டவிடும்படி சொன்னோம். பகலில் அகத்தி; கூடவே இடித்த கம்பும் கடலைப் பிண்ணாக்கும் கொஞ்சம். நாள்தோறும் இரண்டு கைப்பிடி தீனியை மிச்சமின்றித் தின்று, பிறந்த எடையைப்போல் மூன்று மடங்கும் வந்த பிறகு, குட்டியைப் பழகிய இடத்திலேயே விட்டுத் தாயை அப்புறப்படுத்த வேண்டும். வெயிற்காலம் வருகிறது, காய்ந்த மேய்ச்சலில் இழந்த எடையைக் குட்டி மீட்பது கடினம் என்பதையும் தகப்பனாரிடம் சொன்னோம். அவர் முகம் அத்தனை தெளிவாக இல்லை.

பையன் ஞாயிறுதோறும் குட்டியைத் தராசில் தொங்கவிட்டு, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எடையைக் குறித்து வருகிறான். முதல் வாரம் 4 கிலோ 900 கிராம். நேற்று 6 கிலோ 400. தகப்பனார் மட்டும், சினைக்கு ஒரு மாதம் வீணாயிற்றென்று இன்னும் நம்மைக் கண்டால் சொல்லிக்கொண்டிருக்கிறார்.