விமானம் தலைக்கு மேலே, வழி மட்டும் தூரத்திலே

பகாவ் பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி ஒருவர் போன மாதம் திருச்சிக்குப் புறப்பட்டார். வயது எழுபத்திரண்டு. நாற்பது வருஷம் பால் வெட்டிய கை. தங்கச்சி பேரனுக்குக் கல்யாணம். வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள், பதினான்கு பேர். விடியற்காலையிலேயே சிப்பாங் போய்ச் சேர்ந்து, கட்டிக்கொண்டு போன நாசி லெமாவைச் சாப்பிட்டு, படம் பிடித்து, அழுது முடித்துக் கவுண்டருக்குப் போனால், "இங்கே இல்லை, இரண்டாவது டெர்மினல்" என்று சொல்லிவிட்டார்கள். அடித்துப் பிடித்து அங்கே ஓடுவதற்குள் கவுண்டரை மூடிவிட்டார்கள். டிக்கெட்டும் போச்சு, கல்யாணமும் போச்சு.

டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஏஜெண்டு காசை எண்ணி வாங்கினாரே தவிர, எந்த முனையம் என்று வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் காகிதத்தில் அது எழுதித்தான் இருந்தது. பதினான்கு பேரில் ஒருவர்கூட அதைப் படித்துப் பார்க்கவில்லை. அந்தப் பதினான்கு பேரில் நம் சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"இதெல்லாம் சங்கத்து வேலையா? சம்பளத்தைப் பற்றிப் பேசுங்கள்" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். சம்பளத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் பாஸ்போர்ட்டுக்கே 200 போய்விடும். (அறுபது வயது தாண்டியவர்களுக்கு 100தான். இதைத் தெரியாமல் ஏஜெண்டிடம் கூடுதலாகக் கொடுத்தவர்களும் நம்மில் உண்டு.) ஒரு டிக்கெட் வீணானால் எத்தனை நாள் குலை வெட்டிய கூலி என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சிப்பாங் விமான நிலையம் 1998 ஜூன் 27-ல் திறந்தது. அந்த நிலம் பெரும்பாலும் செம்பனைக் காடாக இருந்த இடம். பக்கத்திலே புத்ராஜெயாவுக்காகப் பிராங் புசார் தோட்டத்து லயங்கள் காலியானதும் அதே காலத்தில்தான். நம் சனம் வேர்வை சிந்திய மண்ணில் ஓடுபாதை போட்டாகிவிட்டது. அங்கே போய்ச் சேர நமக்குத்தான் வழி தெரியவில்லை. லாபு பக்கம் தோட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் விமானம் தாழப் பறந்து இறங்குவது தெரியும். ஆனால் லாபுவில் கொமுட்டர் ரயில் ஏறினால், விமான நிலையத்தைத் தாண்டி வடக்கே பண்டார் தாசிக் செலாத்தான் வரை போய், அங்கே டிரான்சிட் ரயிலுக்கு மாறித் திரும்பி வர வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை! மூட்டை முடிச்சோடு போகிறவர்கள் நீலாயில் இறங்கி டாக்சி பிடிப்பதே மேல். ரயிலைவிட நம்மைப் பாடாய்ப் படுத்துவது லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு வரும் அந்த நாலைந்து மைல்தான். அதற்கு பஸ் கிடையாது. தோட்ட நிர்வாகத்திடம் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

முனையத்து விஷயம் இவ்வளவுதான். ஏர் ஏசியா என்றால் 2014-ல் திறந்த இரண்டாம் முனையம். மலேசியா ஏர்லைன்ஸ், பாத்தேக் ஏர் என்றால் முதல் முனையம். தப்பாகப் போய்விட்டால் பதற வேண்டாம், இரண்டுக்கும் நடுவே ரயில் ஓடுகிறது, மூன்றே நிமிஷம். நேரம் மட்டும் கையில் இருக்க வேண்டும். வெளிநாட்டு விமானத்துக்குப் புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் நில்லுங்கள். ஊறுகாய், நெய், எண்ணெய் எல்லாம் பெரிய பெட்டியில் போகட்டும். கைப்பையில் வைத்தால் சோதனையிலே பறிபோகும்.

முட்டி வலிக்கிற பெரியவர்களுக்கு டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். "நான் என்ன நொண்டியா?" என்று பாட்டிகள் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும். மலாயும் ஆங்கிலமும் வாசிக்கத் தெரியாதவரை, நாற்காலி தள்ளுகிறவர் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிடுவார். வேனில் வருகிற பதினான்கு பேரால் அது முடியாது. பாஸ்போர்ட் பார்க்கிற இடத்தோடு அவர்கள் நின்றுவிட வேண்டியதுதான்.

பாட்டிக்கு இப்போது தை மாதத்துக்கு வேறு டிக்கெட் எடுத்திருக்கிறோம். கிளைத் தோழர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். இனி ஊருக்குப் போகிறவர்கள் யாரானாலும் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை கிளைக் கூட்டத்துக்கு டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் எடுத்து வாருங்கள். நம்மிடம் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொல்வார்கள்.