ஏழையின் உடம்பு எழுதிப் பழகும் சிலேட்டா?

‘சேவை’ என்று யாராவது சொன்னால் உடனே கைகூப்பப் பழக்கப்பட்டவர்கள் நாம். அந்தச் சொல்லின் மறைவில் நடக்கும் வியாபாரத்தையும் கொஞ்சம் பார்ப்போம்.

அமெரிக்காவில் டாக்டருக்குப் படிக்க விரும்பும் மாணவன் முதலில் ஒரு பட்டப் படிப்பை முடிக்க வேண்டும். பிறகு மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போடும்போது, மார்க்கோடு கூட, “ஜனங்களுக்கு என்ன தொண்டு செய்தாய்?” என்ற கேள்விக்கும் பதில் எழுத வேண்டும். நல்ல கேள்விதான். ஆனால் எங்கே தேவை தெரிகிறதோ அங்கே கடை விரிப்பது முதலாளித்துவத்தின் குணமாயிற்றே! கட்டணம் வாங்கிக்கொண்டு ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, இந்தியா என்று இரண்டு மூன்று வாரப் ‘சேவைப் பிரயாணம்’ அழைத்துப் போகும் கம்பெனிகள் கிளம்பிவிட்டன. புறப்படுமுன் தடுப்பூசி, விசா, “அந்நாட்டுக் கலாசாரம்” பற்றிச் சிறு பாடம் எல்லாம் உண்டு. பாஷை? வணக்கம், நன்றி, அதோடு சரி.

தன் ஊரில் நோயாளிக்கு ஊசி போட அனுமதியில்லாத பையன் ஏழை நாட்டில் ஊசி போடுகிறான், காயத்துக்குத் தையல் போடுகிறான். இது நாம் இட்டுக்கட்டிய கதையல்ல. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமே 2011-ல் இதற்கென்று வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. பயிற்சிக்கு மீறிய வைத்தியத்தை வெளிநாட்டிலும் செய்யாதே என்று மாணவர்களுக்குப் புத்தி சொன்னது. திருட்டு இல்லாத ஊரில் பூட்டு எதற்கு?

“ஒன்றுமே இல்லாத இடத்தில் ஏதோ கொஞ்சம் கிடைக்கிறதே, அதையும் கெடுப்பீர்களா?” என்று சில கனவான்கள் கேட்பார்கள். தையல் சீழ் பிடிக்கும்போது போட்டவன் விமானம் ஏறியிருப்பான். யார் பதில் சொல்வது?

அப்படி ஒருவர் நம் திண்டுக்கல் சமவெளிக்கே வருவதாக வைத்துக்கொள்வோம். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் புளோரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்யும் தோழன் அவர் முன்னால் இருமிக்கொண்டு உட்காருகிறான். அவர் இருமல் மாத்திரை கொடுப்பார். பஞ்சுத் தூசியால் வரும் நெஞ்சு நோய் முதலில் எப்படித் தலை காட்டும்? லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சை இறுக்கும். வாரக் கடைசியில் தணியும். வருஷக்கணக்கில் தூசி குடித்தால் தணியவே தணியாது. “எந்த டிபார்ட்மெண்ட்? என்றைக்கு இறுக்குகிறது?” என்று தமிழில் கேட்கத் தெரிந்தவருக்குத்தான் இந்நோய் பிடிபடும். சட்டப்படி இது நஷ்டஈட்டுக்கு உரிய தொழில் நோய். அந்த நஷ்டஈட்டுக்காக நம்மோடு நின்று சாட்சி சொல்ல, இரண்டு வார விருந்தாளி எங்கே இருப்பார்?

கடல் கடந்து செய்யும் சேவைக்கு நாம் விரோதிகள் அல்ல. அதற்கு இலக்கணம் வகுத்தவன் இந்நாட்டில் பிறந்தவன்தான். ஜப்பானியப் படையெடுப்பில் சீனா எரிந்துகொண்டிருந்த 1938-ல், இந்திய மக்கள் ஐந்து டாக்டர்களை அங்கே அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் துவாரகாநாத் கோட்னிஸ். சோலாப்பூர் என்ற மில் நகரத்தில் பிறந்தவர். பம்பாயில் வைத்தியப் படிப்பை முடித்துவிட்டே புறப்பட்டவர். சீன பாஷையைக் கற்றார். அந்தப் பாஷையிலேயே சீன மாணவர்களுக்கு வைத்தியம் போதித்தார். போர்முனையில் காயம்பட்டவர்களுக்கு அறுவை செய்தார். மற்ற நால்வரும் நாடு திரும்பினார்கள். கோட்னிஸ் 1942 டிசம்பரில், 32-வது வயதில், அந்த மண்ணிலேயே உயிர் விட்டார்.

வேலூரில் ஆஸ்பத்திரி கண்ட ஐடா ஸ்கடரின் மதப் பிரசாரம் நமக்கு உடன்பாடல்ல. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த அம்மையார் தமிழ் பேசினார். 1918-ல் இந்நாட்டுப் பெண்களுக்கே வைத்தியப் பள்ளி திறந்தார். 1960-ல் நம் கொடைக்கானலில்தான் காலமானார். தங்கினார், பாஷை கற்றார், உள்ளூர்க் கைகளைப் பழக்கினார். சேவைக்கு உரைகல் இதுதான்.

அந்த உள்ளூர்க் கைகளின் கதி இன்று என்ன? மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, அரியலூர் மாவட்டத்துப் பெண், பிளஸ் டூவில் 1200-க்கு 1176 மார்க் வாங்கியும் ‘நீட்’ கதவு திறக்காமல் 2017-ல் மாண்டாள். பணமுள்ள வீட்டுப் பிள்ளை ‘அனுபவத்தை’ விலைக்கு வாங்குகிறான். நம் வீட்டுப் பிள்ளைக்கு வாசற்படியே எட்டவில்லை. போராட்டக் குரல் எழுந்த பிறகே 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் ஒதுக்கப்பட்டது. 2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது.

தோழர்களே! நம் ஊருக்குச் சேவை செய்ய வருகிறவரை மரியாதையாக வரவேற்போம். வாசலில் நிறுத்தி மூன்று கேள்வியும் கேட்போம். உன் நாட்டில் உனக்கு அனுமதியில்லாததை இங்கே செய்வாயா? எங்கள் பாஷையைக் கற்பாயா? நீ போன பிறகு எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த வேலையைச் செய்யக் கற்றிருப்பார்கள்?

பதில் சொல்லத் தெரியாதவர் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகட்டும். நோயாளியின் உடம்பில் கை வைக்க வேண்டாம்!