காணாமல் போனவள் எப்படிப்பட்டவள்?

2018 மே மாதக் கடைசி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் மிச்சமிருந்த தறிகள் எல்லாவற்றிலும் அந்த வாரம் ஒரே பேச்சு. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் பழவேலியில் ஓர் இளம்பெண்ணின் உடல் எரிந்த நிலையில் கிடைத்திருந்தது. அப்போது செங்கல்பட்டு தனி மாவட்டம் இல்லை, காஞ்சிபுரத்தோடுதான் இருந்தது. அதனால் அது நம்ம மாவட்டத்துச் சேதி.

"பல்லுல கம்பி கட்டியிருக்காம்."

"அப்ப அந்தக் கேரளாப் பொண்ணுதான்."

கோர்வைச் சேலை நெய்கிறபோது கரைப் பக்கத்து நாடாவைத் தள்ளிவிட ஒரு துணையாள் வேண்டும். நெய்கிறவருக்கும் துணையாளுக்கும் கைக்கு வேலை, வாய்க்கு ஓய்வு. நாள் முழுக்கப் பேசுவோம். நானும் பேசினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரை அடுத்தவர்களைப் பற்றியது மட்டுமல்ல.

'கேரளாப் பொண்ணு' என்று நாங்கள் சொன்னவர் காஞ்ஞிரப்பள்ளியில் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படித்தவர். இருபது வயது. 2018 மார்ச் 22 அன்று உறவினர் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பினார். செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். எருமேலிப் பக்கம் பேருந்தில் பார்த்ததாகச் சொன்னார்கள். அதற்கப்புறம் இல்லை. அவர் பெயர் ஊரறிந்ததுதான், ஆனாலும் இங்கே எழுதப் போவதில்லை. தேடுவதற்குப் பயன்பட வேண்டிய பெயர் வதந்திக்குச் சாவியாகிப் பல வருடங்கள் ஆகின்றன.

கேரளப் போலீசார் செங்கல்பட்டுக்கு வந்தார்கள். குடும்பத்திலிருந்தும் வந்து பார்த்தார்கள். அது அவர் இல்லை. இறந்தவர் சென்னையைச் சேர்ந்த வேறொரு பெண் என்று பின்னால் செய்தி வந்தது.

அன்றோடு எங்கள் தறிகளில் பழவேலிப் பேச்சு நின்றுவிட்டது. எரிக்கப்பட்ட ஒரு பெண் நம் மாவட்டத்தில் கிடக்கிறார். யார் எரித்தார்கள், வழக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அவர் 'அந்தப் பெண்' இல்லை என்றதும் எங்களுக்கு அவர் யாருமே இல்லை. நாங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கவலை என்றால் ஆள் மாறியதும் தீர்ந்துபோகுமா? கதைக்கு ஒரு முடிவு கிடைக்குமா என்று காத்திருந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

கேரளத்தில் அந்த மாணவியைப் பற்றி என்னவெல்லாம் சொன்னார்கள் என்று பாருங்கள். முதலில் காதலன். கூடப் படித்த ஒரு மாணவரைப் பிடித்துக்கொண்டார்கள், போலீசும் விசாரித்தது, ஊரும் விசாரித்தது. அடுத்து குடும்பம். நம்மூரில் 'பாபநாசம்' என்று வந்த 'த்ருஷ்யம்' படத்தை எல்லாரும் பார்த்திருந்தார்கள் அல்லவா, அதைப் போல் எங்கேயோ புதைத்திருப்பார்கள் என்று பேச்சு கிளம்பி, ஒரு கட்டுமான இடத்தில் போய்த் தேடினார்கள். தாயைச் சில மாதங்களுக்கு முன்னால் பறிகொடுத்த வீடு அது. அதற்கடுத்து மதமாற்றம், சிரியா. அந்தக் கதைக்கு அச்சு தயாராகவே இருந்தது. சரியாக இரண்டு வாரம் முன்னால், மார்ச் 8 அன்றுதான், ஹாதியா வழக்கில் உச்ச நீதிமன்றம் வயது வந்த ஒரு பெண்ணின் திருமணம் அவருடைய முடிவு என்று சொல்லி அதைச் செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பைச் செரிக்க முடியாதவர்களுக்கு இந்த மாணவி கிடைத்தார். 2021 பிப்ரவரியில் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது கேரள உயர் நீதிமன்றம். அதே மாதம், இந்த வழக்கில் நீதி வேண்டும் என்று சொல்லி ஒருவர் ஒரு பெண் நீதிபதியின் காரில் கருப்பு எண்ணெய் ஊற்றினார். மூன்று வருடம் தேடிய சி.பி.ஐ., மதமாற்றத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை, அவர் என்ன ஆனார் என்றும் தெரியவில்லை என்று 2024 தொடக்கத்தில் கோப்பை மூடப் பார்த்தது. குடும்பம் மறுபடி நீதிமன்றம் போனது, மே மாதம் மேலும் விசாரிக்க உத்தரவு வந்தது.

அத்தனை கதைகளிலும் அந்தப் பெண் எப்படிப்பட்டவள் என்ற கேள்விதான் மையம். எங்கே என்ற கேள்வி ஓரத்தில் நிற்கிறது. யாரோடு பேசினாள், எத்தனை தடவை பேசினாள், போனை ஏன் வைத்துவிட்டுப் போனாள், அம்மா செத்த வீட்டில் அமைதியான பெண் என்கிறார்களே, அமைதியானவள்தானே ஆழமானவள்! ஒரு பெண் காணாமல் போய்விட்டால் ஊர் உடனே அவளுடைய குணத்துக்குத்தான் பிரேதப் பரிசோதனை நடத்துகிறது.

எங்கள் ஊருக்கு இது பழக்கமான வேலை. 2004 செப்டம்பரில் வரதராஜப் பெருமாள் கோயில் மேலாளர் கோயில் வளாகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அது கடத்தல் இல்லை, கொலை. ஆனால் ஊகம் செய்யக் காஞ்சிபுரத்துக்குப் பயிற்சி கிடைத்தது அந்த வருடம்தான். தொலைக்காட்சி வண்டிகள் மாதக்கணக்கில் தெருவில் நின்றன. சங்கராச்சாரியாருக்கு யாரோடு பேச்சு என்று பெண்களின் பெயர்களை இழுத்துவந்தார்கள். ஒன்பது வருடம் கழித்து, 2013 நவம்பர் 27 அன்று, புதுச்சேரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லாரையும் விடுவித்தது. கொன்றவர் யார் என்பதற்குத் தீர்ப்பில் விடை இல்லை. தெருவில் இழுக்கப்பட்ட பெண்களின் பெயர்களை மட்டும் யாரும் திருப்பித் தரவில்லை.

நான் ஏன் இதை இவ்வளவு கோபமாக எழுதுகிறேன் என்று சொல்ல வேண்டும்.

1994. என் பெரியம்மா மகளுக்கு அப்போது பதினேழு வயது, எனக்குப் பதின்மூன்று. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போன அக்கா திரும்பவில்லை. அவளுடைய அத்தை மகன், "அம்மாவுக்கு ரொம்ப முடியல, உன்னப் பாக்கணும்னு சொல்லுது" என்று சொல்லி ஆரணி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போயிருந்தான். ஆரணியில் ஒரு வீட்டில் வெளியே பூட்டி வைத்திருந்தான். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது அக்கா இல்லை என்பது மட்டும்.

பெரியப்பா காவல் நிலையத்துக்குப் போனார். "ரெண்டு நாள் பாருங்க, தானா வந்துடும்" என்றார்கள். எழுதி வாங்கிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்த சொந்தக்காரர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். "நீ எப்பவும் அது கூடத்தானே இருப்ப. உனக்குத் தெரியாம இருக்குமா?"

எனக்குத் தெரியாது. ஆனால் அத்தனை பெரியவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதின்மூன்று வயதில் அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை. நான் சொன்னேன்: "அவரு ஜரிகை குடுக்க வந்தப்ப அக்கா சிரிச்சிப் பேசுச்சி."

அது நடந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அக்கா யார் வந்தாலும் சிரித்துத்தான் பேசுவாள். ஆனால் அந்தச் சிரிப்பு அன்றைக்குச் சாட்சியாகிவிட்டது. இரவுக்குள் தெருவுக்கே தெரியும், அக்கா ஓடிப்போய்விட்டாள் என்று. பெரியப்பா மறுபடி காவல் நிலையத்துக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் அவன் கூட்டிவந்தபோது பஞ்சாயத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது, கல்யாணம் எந்தத் தேதியில் என்று. "நான் போகல, என்னக் கூட்டினு போயிட்டாரு" என்று அக்கா சொன்னாள். ஐந்து நாளில் ஊர் முடிவு செய்துவிட்டதை மாற்ற அவளுடைய வார்த்தை போதவில்லை. பதினைந்து நாளில் தாலி ஏறியது. பதினோரு வருடம் அந்த வீட்டில் இருந்துவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு திரும்பி வந்தாள்.

அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டம் 361, 366 என்ற இரண்டு பிரிவுகளில் அதற்குப் பெயர் வைத்திருந்தது: கடத்தல். பதினெட்டு நிரம்பாத பெண்ணைப் பெற்றோர் சம்மதமில்லாமல் கொண்டுபோனாலே குற்றம். கல்யாணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கொண்டுபோனால் பத்து வருடம் வரை சிறை. இந்தச் சட்டத்தைக் கொண்டாடவும் என்னால் முடியவில்லை. பெண் யாருடைய காவலில் இருந்தாள், யார் கையிலிருந்து எடுத்தார்கள் என்று பொருள் திருட்டைப்போல் யோசிக்கிற பிரிவு 361. ஆனால் அந்தச் சட்டத்தைக்கூட நம் ஊர் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறது. பெண் தன் விருப்பத்தில் வேறு சாதிப் பையனோடு போனால் அது 'கடத்தல்', அன்றைக்கே புகார், தேடுவதற்கு வண்டி வண்டியாக ஆள். சொந்தக்காரன் பொய் சொல்லித் தூக்கிக்கொண்டு போனால் அது 'ஓடிப்போனது', வீட்டுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது. ஒரு பெண்ணுக்கு உண்மையில் என்ன நடந்தது என்பதை வைத்து இந்தச் சொற்களை நாம் தேர்ந்தெடுப்பதே இல்லை.

அது 1994, இப்போது மாறிவிட்டது என்று சொல்பவர்களுக்கு: காணாமல் போன ஒரு சிறுமியின் தந்தை கொடுத்த புகாரைப் போலீஸ் பதியாததால்தான் லலிதா குமாரி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று ஐந்து நீதிபதிகள் சொன்னது 2013 நவம்பரில். ஆறு வருடம் கழித்து, 2019 நவம்பர் 27 இரவு, ஹைதராபாத் சுங்கச்சாவடி அருகே ஒரு கால்நடை மருத்துவர் காணாமல் போனார். குடும்பம் அந்த இரவிலேயே ஓடியது. எந்தக் காவல் நிலையத்தின் எல்லை என்று அலைக்கழித்தார்கள். யாரோடாவது போயிருப்பார் என்றார்கள் என்று குடும்பம் சொன்னது. காலையில் எரிந்த உடல் கிடைத்தது. மூன்று காவலர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். பத்து நாள்கூட ஆகவில்லை, குற்றம் சாட்டப்பட்ட நால்வரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் அந்தப் போலீஸ் மேல் பூ தூவினார்கள். அது திட்டமிட்டுச் சுட்டது என்று பின்னால் சிர்புர்கர் ஆணையம் சொன்னது. தேட வேண்டிய இரவில் ஊகித்துக்கொண்டிருந்த துறைக்கு நாம் கொடுத்த பரிசு அந்தப் பூ.

ஊகம் வெறும் வாய்ப்பேச்சு, யாருக்கும் கெடுதல் இல்லை என்றும் சொல்வார்கள். பழவேலிச் செய்தி வந்த அதே 2018 மே மாதம், 9ஆம் தேதி, பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே அத்திமூரில் நடந்ததை மறந்துவிட்டோமா? வடக்கிலிருந்து பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவிலும் ஓடியது. சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நிறுத்தியது. வண்டியில் இருந்த வயதான அம்மா குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அடித்தே கொன்றார்கள். அறுபது வயதைத் தாண்டிய பெண். கடத்தல் எதுவும் நடக்கவே இல்லை, கடத்தல் பற்றிய பேச்சு மட்டும்தான் நடந்தது.

சில தோழிகள் என்னிடம் கேட்கிறார்கள்: ஊர் பேசாவிட்டால் போலீஸ் தேடுமா? அழுத்தம் வேண்டாமா? நியாயமான கேள்வி. 2019 முதல் 2021 வரை மூன்றே வருடங்களில் இந்தியாவில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களும் சிறுமிகளும் காணாமல் போனதாகப் பதிவு என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. பலர் கிடைத்திருப்பார்கள். ஆனால் அவர்களில் எத்தனை பேரைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசினோம்? ஊர் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. புகாருக்கு ரசீது கொடுத்தார்களா, முதல் நாளே பேருந்து நிலையத்து கேமராப் பதிவை எடுத்தார்களா, எடுக்கும் முன் அழிந்துபோயிற்றா, விசாரணை அதிகாரி எத்தனை பேர் மாறினார்கள். இதையெல்லாம் கேட்பது அழுத்தம். அந்த மாணவிக்காகக் கேரளப் போலீஸ் பொது இடங்களில் தகவல் பெட்டி வைத்தது, ஐந்து லட்ச ரூபாய் பரிசும் அறிவித்தது. இந்தத் தேதியில், இந்தப் பேருந்தில், இந்த நிறச் சுடிதாரில் பார்த்தேன் என்று ஒருவர் எழுதிப் போட்டால் அது தகவல். "சிரிச்சிப் பேசுச்சி" என்பது தகவல் இல்லை. நான் அன்று சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, ஆனாலும் அது தகவல் இல்லை.

மாணவிகள் இதைப் படிப்பீர்கள். உங்கள் வகுப்பில் ஒருத்தி நாளை வராமல் போகலாம். உங்களிடம் கேட்பார்கள், நீ அவள் கூடத்தானே இருப்பாய் என்று. அவளை எப்போது, எங்கே பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். அவள் யார் என்று சொல்லச் சொன்னால் வாயைத் திறக்காதீர்கள். எவ்வளவு பெரியவர் கேட்டாலும் சரி.

அக்கா இப்போது இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். தார் சுற்றித் தருகிறாள், கண் பார்வை கொஞ்சம் குறைந்திருக்கிறது. அன்றைக்கு நான் சொன்னதை இத்தனை வருடமும் அவளிடம் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன்னால் போய்ச் சொன்னேன். ராட்டையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள். "அந்தப் பஞ்சாயத்துலயே சொன்னாங்க, தங்கச்சியே சொல்லுதுன்னு."

எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுது. என் பேரப் போடாத. நீ சொன்னதப் போடு."