வெடித்த மண்ணும் பதினாறு மில்லிமீட்டரும்

சென்ற மாதம் ஒரு சிற்றிதழின் கரிசல் சிறப்பிதழ் கைக்கு வந்தது. கட்டுரைகளில் பழுதில்லை. அட்டையில் மட்டும் அதே படம். முன்னால் பாளம் பாளமாக வெடித்த தரை, அதன் விளிம்பில் எறும்பளவில் ஒரு முதியவர், மேலே முக்கால் பங்கு வானம். இருபது ஆண்டுகளாக நாவல் அட்டைகளிலும் கருத்தரங்க அழைப்பிதழ்களிலும் நாட்காட்டிகளிலும் இந்தப் படத்தைப் பார்த்து வருகிறேன். எடுத்தவர்கள் வேறு வேறு. எடுத்த லென்ஸ் ஏறக்குறைய ஒன்றே.

அந்த வாரமே என் மாணவன் ஒருவன் வந்தான். எட்டயபுரம் சாலையில் சில ஏக்கர் புஞ்சை உள்ள வீடு. அப்பா மக்காச்சோளம் விற்ற பணத்தோடு வெளியில் கொஞ்சம் வட்டிக்கும் வாங்கி சோனி 16-35 எஃப் 2.8 லென்ஸ் வாங்கப் போகிறானாம். "சார், அது இல்லாம கரிசலை எடுக்க முடியாதுன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றான். இந்த 'எல்லாரும்' மீதுதான் எனக்குக் கோபம்.

முதலில் மண்ணைப் பற்றி. கரிசல் வெடிப்பது பஞ்சத்தின் அடையாளம் அன்று; அது அந்த மண்ணின் குணம். ஈரம் ஏறினால் உப்பி, காய்ந்தால் சுருங்குகிற ஸ்மெக்டைட் வகைக் களிமண் அது. நல்ல விளைச்சல் கண்ட ஆண்டிலும் சித்திரையில் வெடிக்கும். வெடிப்புக்குள் மேல்மண் சரிந்து விழும்; மழை பெய்து உப்பும்போது உள்ளே புரளும். தன்னைத் தானே உழுதுகொள்ளும் மண் என்று இதைச் சொல்வார்கள். முதல் மழைநீர் ஆழத்துக்கு இறங்க வழியும் அந்த வெடிப்புகள்தாம். அட்டைப்படம் அதைக் காட்டி ஐயோ பாவம் என்கிறது. இந்த மானாவாரி நிலத்துக்கென்றே 1901 முதல் கோவில்பட்டியில் ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. புரட்டாசியில், மழைக்கு முன்பே புழுதியில் விதைப்பு தொடங்கிவிடும். மார்கழியில் வந்தால் உளுந்தும் பாசியும் பருத்தியும் மக்காச்சோளமுமாகக் கண்ணுக்கெட்டிய வரை பச்சை. புகைப்படக்காரர்கள் மார்கழியில் வருவதில்லை. அவர்கள் தேடும் கரிசல் அப்போது இருக்காது.

இங்கே வறட்சி இல்லையென்று நான் சொல்லவில்லை. உண்மையான வறட்சி கார்த்திகையில், முளைத்து நாலு இலை விட்ட பயிர் நின்ற நிலையிலேயே சுருளும்போது தெரியும். அதைப் பார்க்கக் குனிந்து பக்கத்தில் போக வேண்டும். நிலத்துக்காரரோடு பேச வேண்டும்.

இனி லென்ஸ். கரிசல் சமவெளி. மலை அருகில் இல்லை. இடையிடையே பனையும் உடைமரமும் உண்டு. இந்த நிலத்தின் முன் 16 மில்லிமீட்டரை நீட்டினால் தொலைவில் இருப்பதெல்லாம் சிறுத்து ஒரு கோடாகிவிடும். மீதி வெற்றுத்தரை, வெற்றுவானம். சட்டகத்தின் அடிப்பகுதியை எதைக்கொண்டாவது நிரப்பியாக வேண்டும். அதற்காகப் புகைப்படக்காரர் மண்டியிடுகிறார். கிடைப்பது வெடிப்பு. மிக அருகிலிருந்து எடுப்பதால் விரலளவு வெடிப்பு பள்ளத்தாக்காகிறது. ஆக, அந்தப் படத்தைத் தேர்ந்தது கரிசல் அன்று, கண்ணாடி. ஆளைச் சட்டகத்தின் ஓரத்தில் நிறுத்தினாலோ முகமும் தோளும் பக்கவாட்டில் இழுபட்டுப்போகும். நம் தாத்தாக்கள் எவருக்கும் அப்படியொரு தலை இருந்ததில்லை.

எஃப் 2.8 என்ற வேகம் எதற்கு? கோவில்பட்டி வெயிலில் எஃப் 8, ஐஎஸ்ஓ 100 வைத்தால் ஷட்டர் 1/400 நொடியில் நிற்கிறது. வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லாத ஊரில் வெளிச்சம் வாங்கக் கடன் படுவானேன்? பின்புலம் மங்கும் என்பார்கள். முழுச்சட்டக் கேமராவில் 16 மில்லிமீட்டரை எஃப் 2.8-இல் வைத்து மூன்று மீட்டரில் குவித்தால் ஒன்றரை மீட்டர் முதல் தொடுவானம் வரை தெளிவாகவே விழும். கைக்கெட்டும் தூரத்தில் உள்ளதை எடுத்தாலொழிய மங்க ஒன்றுமில்லை.

என் மாணவனிடம் இருப்பதோ முழுச்சட்டக் கேமராகூட அன்று, ஏபிஎஸ்-சி சென்சார். அதில் 16-35 பொருத்தினால் கிடைக்கும் பார்வை, முழுச்சட்டத்தில் 24-52 தரும் பார்வை. அகலத்துக்கென்று கொடுத்த பணத்தில் அகலமே போய்விடுகிறது. 'எல்லாரும்' இதை அவனுக்குச் சொல்லவில்லை.

வேகமான அகலக்கோண ஜூமுக்கு இங்கே வேலையே இல்லையா? உண்டு, ஆனால் வீட்டுக்குள். தீப்பெட்டியாபீசில் ஒற்றைச் சன்னல் வெளிச்சத்தில் பெண்களின் கை ஓடுகிற ஓட்டத்தை நிறுத்த 1/250 நொடியாவது வேண்டும். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கடலை மிட்டாயை, பாகு ஆறுவதற்குள் பரத்தித் தேய்த்து வெட்டும் அறையில் பின்னால் நகர இடமிராது. அங்கே எஃப் 4-ஐ விட எஃப் 2.8 இருமடங்கு ஒளி தரும். அந்த இருமடங்குக்கு விலை கொடுக்கலாம். கழுகுமலை வெட்டுவான் கோயிலுக்கும் அகலம் உதவும். மேலிருந்து கீழாகக் குடைந்த அந்த ஒற்றைக்கல் கோயிலைச் சுற்றிப் பாறைச் சுவர் நெருக்கி நிற்கிறது. ஆனால் அது வெட்டவெளி. எஃப் 4 போதும்.

அப்படி உள்ளே போய் எடுக்க நினைப்பவர்களுக்கு: ஏபிஎஸ்-சி வைத்திருந்தால் டாம்ரான் 11-20 (2021, 335 கிராம்) அல்லது சிக்மா 10-18 (2023, சுமார் 260 கிராம்). இரண்டும் எஃப் 2.8, விலை அந்த சோனியில் பாதிகூட வராது. முழுச்சட்டம் என்றால் டாம்ரான் 17-28 (2019, 420 கிராம்) அல்லது சிக்மா 16-28 (2022, 450 கிராம்). இவ்விரண்டும் ஜூம் செய்யும்போது நீள்வதில்லை. ஆடிக்காற்றில் பறக்கும் கரிசல் புழுதியை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். சிக்மாவில் புழுதித் தடுப்பு, கேமராவோடு சேருமிடத்தில் மட்டுமே உண்டு. மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றினால் சென்சாரை மறைக்கக் கண்ணாடியும் இல்லை. காட்டுக்குள் லென்ஸ் மாற்றாதிருக்க ஜூம் நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடி போனதில் ஒரு லாபமும் உண்டு: பின்வில்லையைச் சென்சாருக்கு அருகே வைக்க முடிவதால் அகலக்கோண லென்ஸ்கள் இளைத்திருக்கின்றன. நிக்கானின் பழைய 14-24 (2007) ஏறத்தாழ ஒரு கிலோ. மிரர்லெஸ்ஸுக்கு 2020-இல் வந்தது 650 கிராம்.

கி.ரா. முன்னின்று தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதியைப் புரட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் அருகில் போய்ப் பெயர் கேட்டு எழுதிய ஆளை அதில் பார்க்கலாம். அவருடைய எழுத்துக்கே வெடித்த தரையை அட்டையாக்கியவர்கள் நம்மிடையே உண்டு. அதற்கு லென்ஸ் காரணமில்லை. நம் பதிப்பாசிரியர்களின் சோம்பல்.

மாணவன் அரைமனதாகத்தான் போயிருக்கிறான். வட்டிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு என்றேன், யோசிக்கிறேன் என்றான். கேமராவோடு வந்த 16-50 அவனிடம் இருக்கிறது. ஐப்பசியில் முதல் மழைக்கு மறுநாள் காலை அதை மட்டும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அவன் அப்பாவின் புஞ்சைக்கே போகலாம். செருப்பை மட்டும் வரப்பிலேயே விட்டுவிட வேண்டும். ஈரக்கரிசல் அதைத் திருப்பித் தராது.